மணி அடிக்கும் முன்

மரக்காணத்தில் ஏறி இறங்க மேடு என்று ஒன்றும் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், அதற்கும் அப்பால் கழுவெளி ஏரி. நிமிர்ந்து நிற்பவை பனைமரங்களும் ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்களும்தான். இப்படித் தட்டையாகக் கிடக்கும் ஊரில் ஓடிப் பழகுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. முன்னால் போகிறவரின் முதுகு கண்ணை விட்டு மறையவே மறையாது. அரை மைல் தள்ளிப் போய்விட்டவரும் எட்டிப் பிடித்துவிடலாம் என்கிற தூரத்தில்தான் தெரிவார். அளத்து வரப்பில் ஓடி வளர்ந்த எனக்கு, ஒருவர் என்னைத் தாண்டிப் போவது ஒரு நொடியில் முடிகிற காரியமாகத் தோன்றியதே இல்லை. தாண்டிய பிறகும் வெகுநேரம் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். 3000 மீட்டர் ஓடுகிறாள். கோடை விடுமுறை தொடங்கும்போது போன் செய்தாள்.

"மாமா, மணி அடிக்கிற வரைக்கும் முன்னாடிதான் இருக்கேன். கடைசி எரநூறுல நாலு பேரு தாண்டிப் போயிடறாங்க. எனக்கு ஸ்பீடே இல்லன்னு சார் சொல்றாரு. ஸ்பீடு வர்றதுக்கு என்ன பண்ணணும்?"

"மணி அடிக்கறதுக்கு முந்தின ரவுண்டை எவ்ளோ நேரத்துல ஓடின?"

"அத யாரு பாத்தா?"

யாரும் பார்ப்பதில்லை. எங்கள் காலத்திலும் பார்த்ததில்லை. அப்போது மரக்காணம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். மாவட்டப் போட்டி என்றால் கடலூர். விடியற்காலையில் கிளம்பித் திண்டிவனம் போய் பேருந்து மாறி, மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருக்கும். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துத் தண்டவாளத் துண்டைக் கழற்றிக்கொண்டு வந்து மூங்கில் கம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடைசிச் சுற்றுக்கு அதுதான் மணி. 1500 மீட்டரில் அந்த மணி அடிக்கும்போது நான் இரண்டாவதாக இருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். அதில் ஒருவன், பெரிய மரியாதைக்காரன், "கொஞ்சம் வழி விடுப்பா" என்று சொல்லிவிட்டே போனான். திரும்பும் வழியில் பி.டி. சார் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "உனக்குப் பொறப்புலயே ஸ்பீடு இல்லடா. ஓடிக்கிட்டே இருப்ப, ஆனா ஜெயிக்க மாட்ட" என்றார். கோபமெல்லாம் இல்லை. ரத்த வகையைச் சொல்வது போன்ற குரல்தான்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. தசைநார்களில் சட்டென்று சுருங்கிச் சீக்கிரம் களைக்கிறவை ஒரு வகை, நிதானமாகச் சுருங்கி நெடுநேரம் தாங்குகிறவை இன்னொரு வகை. யாருக்கு எது எவ்வளவு என்பதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு. 100 மீட்டரில் கடைசியாக வருகிற பையனை எந்தப் பயிற்சியாலும் 100 மீட்டர் வீரனாக்க முடியாது. ஆனால் 1500 மீட்டரின் கடைசி 200 மீட்டர் வேறு சங்கதி என்பதை அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. எனக்கு அது விளங்க ஒரு நாளிதழில் இரவுப் பணி பார்க்க வேண்டியிருந்தது. விளையாட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் படிப்பதைத் தவிர வேலை கிடையாது. அப்படிப் படித்ததில்தான் ரான் கிளார்க் கிடைத்தார்.

ஆஸ்திரேலியர். மெல்பர்ன்காரர். 1960களில் 17 உலக சாதனைகள் அவர் பெயரில். 1965 ஜூலையில் ஆஸ்லோவில் 10,000 மீட்டரை 27 நிமிடம் 39.4 விநாடியில் ஓடினார். அதற்கு முன் ஏட்டில் இருந்த சாதனையும் அவருடையதுதான். அதை 36 விநாடிக்கு மேல் வெட்டிப் போட்டார். அப்பேர்ப்பட்டவர் கையில் ஒலிம்பிக் பதக்கம் என்று இருந்தது ஒரே ஒரு வெண்கலம். 1964 டோக்கியோ 10,000 மீட்டரில் கிளார்க் வேகத்தை ஏற்றி ஏற்றிக் கூட்டத்தை உதறிவிட்டார். ஆனாலும் மணி அடிக்கும்போது இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள்: துனீசியாவின் முகமது கமூதி, யாரும் கணக்கிலேயே எடுக்காத அமெரிக்கர் பில்லி மில்ஸ். சுற்றில் பின்தங்கியவர்கள் பாதையை அடைத்துக்கொண்டு நிற்க, இடித்து நெருக்கி மூவரும் வந்தார்கள். கடைசி 100 மீட்டரில் மில்ஸ் வெளிப்பக்கமாகப் பாய்ந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார். கமூதிக்கு வெள்ளி. கிளார்க் மூன்றாவது.

நான் அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுக் கடலூரைத்தான் நினைத்துக்கொண்டேன். உலக சாதனைக்காரருக்கே இந்தக் கதி என்றால் மரக்காணத்துப் பையன் எந்த மூலை என்று ஓர் அற்ப ஆறுதல். ஆனால் கிளார்க் கதையில் அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. 1966இல் பிராகுக்குப் போன அவரை எமில் ஜாட்டோபெக் விமான நிலையம் வரை வந்து வழியனுப்பி, கையில் ஒரு சின்னப் பொட்டலத்தைத் திணித்தார். பிறகு பிரித்துப் பார்த்தால் 1952 ஹெல்சிங்கி 10,000 மீட்டர் தங்கப் பதக்கம். அந்த ஒரே ஒலிம்பிக்கில் 5000, 10,000, மாரத்தான் மூன்றையும் வென்றவர் ஜாட்டோபெக். கிளார்க் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, அக்கா மகள். நேரம் பார்க்க யாருமில்லை என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நானே பார்த்தேன். முதலில், உடம்பு சூடேறியதும் புத்துணர்ச்சியோடு ஒரு 200 மீட்டர் ஓடச் சொன்னேன். 34 விநாடி. வேகக்காரி என்று சொல்ல முடியாது. மாவட்டத்தில் 200 மீட்டர் ஓடுகிற பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த வாரம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு 3000 வைத்துக்கொண்டார்கள். அதில் அவள் கடைசி 200ஐ 45 விநாடியில் முடித்தாள். அவளைத் தாண்டிப் போய் முதலாவதாக வந்த பெண் 39.

இந்த மூன்று எண்ணையும் அவள் கையிலேயே எழுதிக் காட்டினேன். 39 இவளுக்கு எட்டாத வேகமா? இல்லையே. சும்மா ஓடச் சொன்னால் 34இல் ஓடுகிறாள். அந்த வேகம் அவளிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் இல்லை. இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் எங்கோ சிந்திப் போய்விடுகிறது. தொலைவு ஓட்டத்தில் ஸ்பீடு இல்லை என்று முத்திரை குத்தப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கதை இதுதான் என்பது என் எண்ணம். 1500 மீட்டரிலேயே உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு, மூச்சு வழியாக உள்ளே போகும் பிராணவாயுவைக் கொண்டு தயாராவது. 3000இல் அது இன்னும் கூடுதல். அந்தப் பெரிய பங்கு குறையும்போதுதான் உடம்பு தன் கைமுதலைத் தொடுகிறது. மணி அடிக்கும்போது கைமுதல் யாரிடம் மிச்சமோ அவள் வேகக்காரி மாதிரி தெரிகிறாள்.

எங்கள் ஊரைச் சங்க காலத்து எயிற்பட்டினம் என்று சொல்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் ஊர். ஊர்க்காரனுக்கு அதில் ஒரு பெருமை, அவ்வளவுதான். ஆனால் உப்பும் தொலைவும் சேர்ந்து வருகிற இன்னொரு சங்கதி எனக்கு அதைவிட உபயோகமாக இருந்திருக்கிறது. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு ஏற்றிப்போன உமணர்கள், வழியில் அச்சு முறிந்தால் மாற்ற வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். ஔவையார் புறநானூற்றில் பொகுட்டெழினியைப் பாடும்போது அந்தச் சேம அச்சைச் சொல்கிறார். கடைசிச் சுற்று வேகம் அப்படிப்பட்டதுதான். எல்லோர் வண்டியிலும் ஒன்று கட்டியிருக்கிறது. சில பேர் அதை இரண்டாவது கிலோமீட்டரிலேயே எடுத்து மாட்டிவிடுகிறார்கள்.

அவள் ஓடியதைப் பார்த்தபோது அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. முதல் சுற்றை மற்ற எல்லாச் சுற்றையும்விடப் பத்து விநாடி வேகமாக ஓடுகிறாள். கூட்டம் கூச்சல் போடுகிறது, ஓடாமல் என்ன செய்வாள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று விநாடி இழப்பு. முன்னால் இருப்பது ஜெயிக்கிற மாதிரித் தெரியும். உண்மையில் பின்னால் வருகிறவர்களுக்குக் காற்றைத் தடுத்துக் கொடுக்கிற வேலை. எங்கள் ஊர்க் கடல்காற்று சாயங்காலப் போட்டிகளில் சும்மா விடாது.

ஆற்றல் வீணாவதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் என் பெரியம்மாவைச் சொல்ல வேண்டும். அளத்து வேலைக்குப் போனவர். வெயில் ஏறினால் உப்பின் வெளிச்சம் கண்ணைக் கூசும் என்பதால் விடியுமுன்பே போய்விடுவார்கள். பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பைக் கூடையில் தலைக்கு ஏற்றி வரப்புக்குக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். பெண்கள் வரிசையாக அந்தச் சுமையோடு வருவது நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை. சின்னச் சின்ன எட்டு. பாதம் எப்போதும் இடுப்புக்கு நேர் கீழே விழும். தலை மேலும் கீழும் ஆடாது; ஆடினால் உப்பு சிந்தும். நான் பார்த்த ஓட்டங்களிலேயே அதுதான் செலவு குறைந்தது. கூடை இல்லாத பிள்ளைகள் கால்களை எட்டிப் போட்டு, ஒவ்வொரு அடியிலும் குதிகாலால் தரையை உதைத்துத் தங்களைத் தாங்களே நிறுத்திக்கொண்டு ஓடுகிறார்கள். வேகம் வேண்டுமென்றால் எட்டை நீட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடங்களில் இன்னமும் சொல்லித்தருவது எனக்கு எரிச்சல். எட்டு தானாக நீளும், தரையைப் பின்னால் தள்ளுகிற பலம் வந்தால்.

அந்தப் பலத்தைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. 1999இல் பின்லாந்தில் தேர்ந்த ஓட்டக்காரர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். மொத்தப் பயிற்சி நேரம் இரு பிரிவுக்கும் ஒன்றுதான். ஒரு பிரிவுக்கு மட்டும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துக் குதித்தல், குறுவேக ஓட்டம், லேசான எடையை வெடுக்கென்று தூக்குதல் ஆகியவற்றுக்குக் கொடுத்தார்கள். ஒன்பது வாரத்தில் அந்தப் பிரிவின் 5000 மீட்டர் நேரம் குறைந்தது. இத்தனைக்கும் உடம்பு பிராணவாயுவை வாங்கிக்கொள்ளும் உச்ச அளவு கூடவில்லை. கூடியது காலின் துள்ளல். ஒவ்வொரு அடியும் கொஞ்சம் மலிவாகிப் போனது. மெதுவான பிள்ளைக்கு வேகப் பயிற்சி எதற்கு என்பவர்களுக்கும், வேகம் இல்லாத பிள்ளையைத் தினமும் 100 மீட்டர் விரட்டுகிறவர்களுக்கும் சேர்த்து இது பதில். கொஞ்சம் வேண்டும், வருஷம் முழுக்க வேண்டும்.

அவளுக்குச் சொன்னது இதுதான். வாரத்தில் இரண்டு நாள், நிதான ஓட்டம் முடிந்த பிறகு, 80 அல்லது 100 மீட்டரை ஐந்தாறு தடவை வேகமாக, ஆனால் பல்லைக் கடிக்காமல், தோளை இறக்கிவிட்டு ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுக்க அடங்கும்வரை நடை. வாரத்தில் ஒரு நாள் ஏற்றத்தில் எட்டுப் பத்து விநாடி முழு வேகம். ஏற்றத்துக்கு எங்கே போவது? கழிமேல் போகிற பாலத்தின் ஏறுமுகம் ஒன்று உண்டு. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலையில் கார்கள் போகிற போக்கில் பெண்பிள்ளையை அங்கே ஓடவிட எனக்கே மனம் வரவில்லை. கடலோரம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மணல்மேடு இருக்கிறது. அங்கே ஓடட்டும் என்று முடிவாயிற்று.

மணலைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, மணலில் ஓடினால் கால் பறக்கும் என்று. 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். இளகிய மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. காலைப் பலப்படுத்த அது நல்லது. ஆனால் மணல் நம் உதையை விழுங்கிவிடுகிறது, பாதம் தரையில் தங்கும் நேரம் கூடுகிறது, வேகக்காரனின் கால் பழக வேண்டியதற்கு நேர்மாறு. ஆகவே மணல்மேட்டில் பத்து விநாடி ஏறினால் போதும். மற்ற வேகமெல்லாம் அலை நனைத்து இறுகிப்போன ஓரத்தில், அல்லது காய்ந்த வரப்பில். மழைக்காலத்தில் வரப்பில் கால் வைக்க முடியாது. அளமும் அப்போது மூடிக்கிடக்கும்.

இதெல்லாம் ஓரம். மையம், நிதானமாக நிறைய ஓடுவது. நியூசிலாந்தில் ஆர்தர் லிட்யார்ட் என்று ஒருவர் இருந்தார். காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி. தன் சுற்றுவட்டாரத்துப் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடுவார். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெலும் அதில் அழுதுகொண்டு வந்தாக வேண்டும். 1960 செப்டம்பர் 2ஆம் தேதி ரோமில் ஸ்னெல் 800 மீட்டர் தங்கம் வென்றார். அதே மாலையில் லிட்யார்டின் இன்னொரு சீடர் மரே ஹால்பர்க் 5000 மீட்டருக்கு இறங்கினார். சிறுவயதில் ரக்பி ஆடி இடது கை சூம்பிப் போனவர். கடைசிச் சுற்றில் மற்றவர்களோடு மோதிப் பார்க்க அவர் காத்திருக்கவில்லை. இன்னும் மூன்று சுற்று இருக்கும்போதே பிய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அது பாய்ச்சல் என்று யாரும் நம்பாத இடத்தில் பாய்ந்து, இருபது மீட்டருக்கு மேல் இடைவெளியை உண்டாக்கி, பிறகு கடைசிச் சுற்று முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்து, கோட்டைத் தாண்டியதும் விழுந்தார். தங்கம் அவருக்கு.

கிளார்க் எல்லாச் சுற்றையும் வேகமாக ஓடினார், யாராவது கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஹால்பர்க் ஒரே ஒரு இடத்தில் அறுத்தார். இதை நான் கடலூருக்கு முன் தெரிந்துகொண்டிருந்தால் என்று யோசிக்கிறதெல்லாம் வீண். ஆனால் அந்த மைதானத்தில் எந்த இடம் என்று எனக்குத் தெரியும். மணிக்கு முந்தின சுற்றின் பின்புற நேர்கோடு. எல்லோரும் சேமித்துக்கொண்டு தொங்கலாக ஓடிக்கொண்டிருந்தோம். மரியாதைக்காரன் என் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்டது.

நம் ஆட்களில் பார்த்தால் பீட் மாவட்டத்து அவினாஷ் சாப்ளே. ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீட்டர் போய்வந்த பிள்ளை. ராணுவத்தில் சேர்ந்து சியாச்சினில் இருந்துவிட்டு வந்தவர். படைப்பிரிவுகளுக்கிடையிலான குறுக்குவெளி ஓட்டத்தில்தான் ஓட்டக்காரர் ஆனார். 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 8 நிமிடம் 11.20 விநாடி. தங்கம் வென்ற கென்யாவின் ஆபிரகாம் கிபிவோட் 8:11.15. நூற்றில் ஐந்து பங்கு விநாடி. அந்தப் போட்டியில் 1994க்குப் பிறகு கென்யர் அல்லாத ஒருவர் பதக்க மேடையில் ஏறியது அன்றுதான். அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் அவர் கடைசிப் பாய்ச்சலுக்கு இடமே வைக்கவில்லை. ஆரம்பத்திலேயே முன்னால் போய், யாரும் எட்டாத தூரத்தில் தனியாக ஓடி 8:19.50இல் முடித்தார். அந்த ஓட்டத்தை அவளுக்கு அலைபேசியில் போட்டுக் காட்டினேன். "போர் அடிக்குது மாமா, யாருமே தாண்டல" என்றாள்.

தமிழ்நாட்டுக்காரர் வேண்டுமென்றால் புதுக்கோட்டை கோ. லட்சுமணன். 2017 புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 10,000 மீட்டரை மூன்றாவதாக முடித்து வெண்கலம் என்று அறிவிப்பும் வந்தது. பிறகு, ஒருவரைத் தாண்டுகிற நெரிசலில் உள்கோட்டுக்கு அந்தப்புறம் கால் பட்டுவிட்டது என்று தகுதிநீக்கம் செய்தார்கள். அன்று செய்தி மேஜையில் உட்கார்ந்து தலைப்பை மாற்றி எழுதியது இன்னும் உறுத்துகிறது. பிள்ளைகளுக்கு நான் இதைக் கட்டாயம் சொல்வேன். வளைவில் உள்பக்கமாக நுழைந்து தாண்டாதே. நேர்கோட்டில் வெளிப்பக்கமாகத் தாண்டு. வளைவில் ஒரு ஆள் அகலம் வெளியே ஓடினால் ஒரு வளைவுக்கு மூன்று மீட்டர் கூடுதல் தூரம். வேகம் குறைந்தவர்கள் இந்த மாதிரிச் சில்லறையைத்தான் காப்பாற்ற வேண்டும்.

தூரம் என்றதும் சிவ்நாத் சிங் நினைவுக்கு வருகிறார். பீகார்க்காரர், வெறுங்காலில் ஓடியவர். 1974 டெஹ்ரான் ஆசியப் போட்டியில் 5000இல் தங்கம், 10,000இல் வெள்ளி. அதோடு நிற்காமல் தூரத்தை நீட்டிக்கொண்டே போனார். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவது. 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். நாற்பது வருஷத்துக்கு மேல் எந்த இந்தியரும் அதைத் தொடவில்லை. நம் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் 3000தான் பெரிய தூரம். அதிலும் பல ஊர்களில் நிழல் சாய்ந்த பிறகு, பரிசளிப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவசர அவசரமாக நடத்துவார்கள். நம்முடைய சிவ்நாத் சிங்குகள் யார் என்று தெரிவதற்குள் பிளஸ் டூ முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பையன்கள் ஓடுவது காவலர் தேர்வுக்கு. 1500 மீட்டர், ஏழு நிமிடம். விடிகாலையில் சாலை ஓரம் கும்பலாக ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிட்டால் அதோடு சரி, மறுநாளிலிருந்து எவனும் ஓடமாட்டான்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று, ஒருவேளை இதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. கடைசியில் காலை இழுத்துக்கொண்டு வருகிற பெண்பிள்ளைக்கு ஸ்பீடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பிராணவாயுவைச் சுமந்துபோகிற சரக்கே குறைவாக இருந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடி என்ன. அக்காவிடம் சொன்னதும், "நல்லாத்தான சாப்பிடுறா" என்று சண்டைக்கு வந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்ததில் அளவு குறைவுதான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற நீல மாத்திரையை இவளும் தோழிகளும் ஜன்னல் வழியே எறிந்துவந்தது அப்போதுதான் வெளியே வந்தது. வயிற்றைப் புரட்டுகிறதாம். சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கு, உடனே டீ குடிக்காதே என்று டாக்டர் சொன்ன பிறகு ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். டீ அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது.

வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பு தயாரிக்கிறது. சத்துணவுக்குக்கூடப் போகிறது. உப்பு விளைகிற எங்கள் வீடுகளில் பாக்கெட் உப்பு வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த காலம் உண்டு. பெரியம்மா அளத்து உப்பைத்தான் பானையில் வைத்திருப்பார். கடைசி வரை அவருக்கும் மூச்சிரைப்பு இருந்தது. வயசு என்று விட்டுவிட்டோம்.

குறுவட்டப் போட்டிக்கு முன் மூன்று மாதம் கிடைத்தது. நிதான ஓட்டம் கூடியது. ஞாயிறு காலை வரப்பில் ஒன்றேகால் மணி நேரம், பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில். அவள் தம்பி சைக்கிளில் தண்ணீரோடு கூட வருவான். முதல் சுற்றைப் பத்து விநாடி மெதுவாகத் தொடங்கப் பழக்குவதற்குத்தான் உயிர் போயிற்று. பயிற்சியின் கடைசியில், களைத்திருக்கும்போது, 600 மீட்டரை ஏறுமுகமாக ஓட வைத்தேன். முதல் இருநூறைவிட இரண்டாவது, அதைவிட மூன்றாவது. போட்டியில் இன்னும் ஒன்றரைச் சுற்று இருக்கும்போது கிளம்பிவிட வேண்டும் என்று பேச்சு. வேகக்காரிகள் மணிக்காகக் காத்திருக்கும்போது அவர்கள் காலில் இருக்கிற வேகத்தை அங்கேயே பிடுங்கிவிட வேண்டும்.

நான் போக முடியவில்லை. சாயங்காலம் போன் வந்தது.

"சொன்ன எடத்துலயே கெளம்பிட்டேன் மாமா. எல்லாரும் சிரிச்சாங்க. மணி அடிக்கறப்போ யாருமே பக்கத்துல இல்ல."

"அப்புறம்?"

"கடைசி அம்பதுல ஒருத்தி மட்டும் வந்து தாண்டிட்டா. செகண்டு."

"கடைசி எரநூறு எவ்ளோ?"

"நாப்பத்தொண்ணு. தம்பி பாத்தான்."

45 இருந்தது 41 ஆகியிருக்கிறது. நான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள், "மாவட்டத்துல எண்ணூறுலயே கெளம்பப் போறேன்" என்றாள். 600 போதும், கிளம்பிய முதல் இருநூறை இன்னும் இரண்டு விநாடி கூர்மையாக்கு, அதுதான் அறுக்கிற இடம் என்று சொன்னேன். "அந்தக் கைசூம்பின ஆளு மூணு ரவுண்டுக்கு முன்னாடி போகலையா?" என்று திருப்பிக் கேட்டாள். அவர் ஓடியது 5000 என்றேன். "அப்ப எனக்கும் அய்யாயிரம் எங்கயாவது வெச்சிருந்தா சொல்லு, போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அக்காவுக்கு ஷூ விலை தெரிய வேண்டுமாம்.